அமைச்சரவைக்கு ஏது ஐந்தாண்டு?

தேர்தல் முடிவு வந்த அன்றே "சரி, இனி அஞ்சு வருஷம் இவங்கதான்" என்று பேசி முடித்துவிடுகிறோம். அந்த 5 ஆண்டு மக்களவையின் ஆயுள். மத்திய அமைச்சரவைக்கு என்று அரசியல் சட்டம் எந்தக் காலக்கெடுவும் வைக்கவில்லை. 75ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், பிரதமர் சொல்பவர்கள் அமைச்சர்கள் ஆவார்கள், அமைச்சரவை மொத்தமும் மக்களவைக்குப் பொறுப்பு. அவையின் நம்பிக்கை உள்ளவரை நாற்காலி உண்டு.

இதில் எனக்குப் புகாரே இல்லை. எப்போது வேண்டுமானாலும் கவிழலாம் என்ற பயம் ஆள்பவர்களுக்கு இருக்கட்டும். என் புகாரெல்லாம் கவிழ்ந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

1999 ஏப்ரல் 17 நினைவிருக்கிறதா? அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் நம்பிக்கை வாக்குக் கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒடிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்து டெல்லிக்கு வந்து ஓட்டுப் போட்ட கதையை இன்றும் பேசுகிறோம். அதைவிடப் பேச வேண்டியது அடுத்து நடந்தது. கவிழ்த்தவர்களால் இன்னொரு பிரதமரைக் காட்ட முடியவில்லை. ஏப்ரல் 26இல் மக்களவை கலைந்தது. புதிய அமைச்சரவை பதவியேற்றது அக்டோபர் 13. நடுவில் கார்கில் போர்! தோற்ற அமைச்சரவைதான் காபந்து அரசாக, அதாவது அடுத்த அரசு வரும்வரை பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் அரசாக இருந்து அதை நடத்தியது. அது யாருக்குப் பொறுப்போ அந்த மக்களவையே அப்போது இல்லை.

1979 இன்னும் விநோதம். ஜூலை 28இல் பிரதமரான சரண் சிங், இந்திரா காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ள, நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20இல் ராஜினாமா செய்தார். அப்புறம் 1980 ஜனவரி 14 வரை அவரேதான் காபந்துப் பிரதமர். முழுப் பிரதமராக 23 நாள், காபந்தாக ஏறத்தாழ 5 மாதம்!

சட்டப்படி இதில் தவறு சொல்ல முடியாது. மக்களவை கலைந்தாலும் அமைச்சரவை இருந்தே ஆக வேண்டும் என்று 1971இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியரசுத் தலைவர் தனியாக ஆள முடியாது என்பதால் அது நியாயம்தான்.

ஜெர்மனியில் சேன்சலரை (அங்கே அரசின் தலைவர், நம் பிரதமர் மாதிரி) நாடாளுமன்றம் இறக்க வேண்டுமானால் அடுத்தவரை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். இங்கேயும் அந்த விதி வர வேண்டும் என்பது என் வாதம். ஆளைச் சொல்லிவிட்டுக் கவிழ்க்கட்டுமே! மோசமான ஆட்சியும் இதைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மாற்று ஆளே இல்லாமல் கவிழ்த்தபோது, ஆதரவு இழந்த அதே ஆட்சி கேள்வி கேட்க ஆளின்றி மாதக்கணக்கில் தொடர்ந்ததைத்தானே இரண்டு முறையும் பார்த்தோம்?

பிரதமரே கலைக்கச் சொல்லும்போது இந்த விதி உதவாது. அதற்கு வேறு வழி வேண்டும். மாநிலங்களவை எப்போதும் கலைவதில்லை. கார்கில் சமயத்தில் அதைக் கூட்டச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன, அரசு கூட்டவில்லை. காபந்து அரசு இருக்கும் காலம் முழுக்க மாநிலங்களவையைக் கூட்டியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.