சாம் கெர்ரை எனக்கு நல்லாத் தெரியும்

சித்தப்பா: பெனால்டி ஷூட் அவுட்டில் இருபது கிக்கா!

கவிதா: ஆமாம் சித்தப்பா. உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதி. 120 நிமிஷம் ஆடியும் ஆஸ்திரேலியா 0, பிரான்ஸ் 0.

சித்தப்பா: தெரியும், தெரியும். பார்த்தேனே! ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை.

கவிதா: ஆட்டம் பிரிஸ்பேனில் சாயங்காலம் 5 மணிக்குத் தொடங்கியது. நமக்கு அது நல்ல பகல்.

சித்தப்பா: டென்ஷன் அம்மா. முதல் நாள் ராத்திரியே தூக்கம் போய்விட்டது.

(சிலர் இப்படித்தான். கேள்வி முடிவதற்குள் "தெரியும்" வந்து நிற்கும்.)

கவிதா: அப்படியென்றால் ஆஸ்திரேலியாவின் சாம் கெர் இறங்கியதைப் பார்த்திருப்பீங்க.

சித்தப்பா: சாம்தானே? அவனை எனக்கு நல்லாத் தெரியும். குரூப் ஆட்டத்தில் அவன் ஓடும்போதே நினைத்தேன், ஏதோ கால் வலி என்று.

கவிதா: கெண்டைக்காலில் காயம். குரூப் ஆட்டம் மூன்றிலும் அவர் இறங்கவே இல்லை.

சித்தப்பா: அதான் சொல்கிறேன். வலி அவ்வளவு!

கவிதா: பிரான்ஸ் கோச் எர்வே ரெனார்...

சித்தப்பா: ரெனாரா! 2022-ல் சவுதி அரேபியாவை வைத்து அர்ஜென்டினாவை 2-1 என்று கவிழ்த்த ஆள்!

கவிதா: அட, இது நிஜமாகவே தெரிந்திருக்கிறது. அவரேதான். ஷூட் அவுட்டுக்கென்றே கடைசி நேரத்தில் கோல்கீப்பரை மாற்றி டுரானை இறக்கினார்.

சித்தப்பா: மூளை! 2014-ல் நெதர்லாந்து இப்படித்தான் டிம் குருலை இறக்கி கோஸ்டா ரிகாவை வீட்டுக்கு அனுப்பியது.

கவிதா: டுரானும் இரண்டு கிக்கைத் தடுத்தார். ஆஸ்திரேலியாவின் ஐந்தாவது கிக்கை அடிக்க வந்தது யார் தெரியுமா? அவர்களுடைய கோல்கீப்பர் மெக்கன்சி அர்னால்ட். உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது. பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பிவிட்டது.

சித்தப்பா: ஐயோ!

கவிதா: உடனே கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பக் கோலில் நிற்க வேண்டும். அப்புறம் பிரான்ஸின் டாலி அடித்த கிக்கைத் தடுத்தார். கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார் என்று நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடியும் தடுத்தார்.

சித்தப்பா: அவன்தான் ஆம்பளை!

கவிதா: அது மட்டும்தான் இல்லை.

சித்தப்பா: என்ன இல்லை?

கவிதா: இது 2023 மகளிர் உலகக் கோப்பை, சித்தப்பா.

(இடைவேளை. சித்தப்பா தண்ணீர் குடிக்கிறார்.)

சித்தப்பா: அதானே பார்த்தேன். 120 நிமிஷத்தில் ஒரு கோல் போடத் தெரியவில்லை.

கவிதா: 1994 ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலும் இத்தாலியும் 120 நிமிஷம் 0-0.

சித்தப்பா: அது தடுப்பாட்டம்.

கவிதா: சரி.

சித்தப்பா: கடைசி நிமிஷத்தில் கீப்பரை மாற்றுவதெல்லாம் என்ன விளையாட்டு? நம்பிக்கை இல்லாத கோச்.

கவிதா: இப்போதுதானே மூளை என்றீங்க?

சித்தப்பா: நான் குருலைச் சொன்னேன். சாம் கெர் பொண்ணா?

கவிதா: உங்களுக்கு நல்லாத் தெரிந்தவராச்சே.

சித்தப்பா: தூரத்துப் பழக்கம். இதைப் பார்க்கவெல்லாம் கூட்டம் எங்கே வருகிறது, சொல்லு.

கவிதா: 1999 மகளிர் உலகக் கோப்பை இறுதியில் அமெரிக்கா-சீனா ஆட்டத்துக்கு 90,185 பேர். அதுவும் 0-0, பெனால்டிதான். அதற்கும் ரொம்ப முன்னால், 1920 டிசம்பரில் லிவர்பூல் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர்.

சித்தப்பா: பார்த்தாயா, அப்பவே வந்திருக்கிறார்களே! அப்புறம் ஏன் வளரவில்லை? தரம் இல்லை, அதான்.

கவிதா: அடுத்த வருஷமே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டமே இல்லை என்று சொல்லி, தன் கிளப் மைதானங்களில் அவர்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தத் தடை. மைதானத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "இவர்களுக்கு ஆடத் தெரியவில்லை" என்கிறவர்களுடைய தரத்தை யார் அளப்பது?

(சித்தப்பாவிடம் இதற்குப் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாதபோது அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.)

சித்தப்பா: ஆஃப்சைட் விதியாவது ஒன்றா?

கவிதா: எல்லா விதியும் ஒன்றுதான்.

சித்தப்பா: பந்து?

கவிதா: பந்தும் ஒன்றுதான்.

சித்தப்பா: கோல் போஸ்ட் கொஞ்சம் சின்னதாக...

கவிதா: அர்னால்ட் அடித்தது பட்டதே, அதே அளவுப் போஸ்ட்தான்.

சித்தப்பா: சரி, விடு. கடைசி கிக்கை அடித்தது யார்?

கவிதா: கோர்ட்னி வைன். மாற்று ஆட்டக்காரராக வந்தவர். பிரான்ஸின் பத்தாவது கிக் போஸ்ட்டில் பட்டது. இவர் போய் நேராக உள்ளே அடித்தார். 7-6.

சித்தப்பா: ஜெயித்துவிட்டார்களா! (எழுந்தே நிற்கிறார். பிறகு உட்கார்ந்து, அலட்சியமாக) அரையிறுதி என்ன ஆச்சு? சும்மா கேட்கிறேன்.

கவிதா: இங்கிலாந்திடம் 3-1 தோல்வி.

சித்தப்பா: எனக்குத் தெரியும். அந்தக் கெர்ரை எடுத்திருக்க வேண்டும்.

கவிதா: அந்த ஒரு கோலையும் அடித்ததே அவர்தான். 63-ஆவது நிமிஷம், கோலிலிருந்து வெகுதூரத்தில் நின்று.

சித்தப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன். மீதிப் பத்துப் பேரையும் எடுத்திருக்க வேண்டும்.