2027 என்று நான் நம்பியிருந்த தேதி

2024 நவம்பரில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகத் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு கோயம்புத்தூர் போயிருந்தோம். மறுநாள் எல்லோருமாக வால்பாறை போகலாம் என்று முடிவாகி, நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார் ஒன்றை எடுக்கப் போனேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் என் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அவர்களுடைய செயலியில் ஏற்றினார். செயலி ஏற்கவில்லை. வெளிச்சம் போதவில்லை போலும் என்று மேசை விளக்கை இழுத்து வைத்து மறுபடி எடுத்தார், அப்போதும் ஏற்கவில்லை. அதன் பிறகுதான் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மிகுந்த தயக்கத்தோடு, "சார், இது ஜூன் மாசமே முடிஞ்சிருச்சே" என்றார்.

நான் நம்பவில்லை. 2007 மார்ச்சில் வாங்கிய உரிமம் 20 ஆண்டுகளுக்குச் செல்லும், ஆகவே 2027 வரை கவலையில்லை என்று 17 ஆண்டுகளாக என் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தால், என் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டிய தேதிதான் அதில் தெளிவாக அச்சாகியிருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு ஐந்து மாதங்களாகத் திருச்சி நகருக்குள் தினமும், மதுரைக்கு இரண்டு முறை, வேளாங்கண்ணிக்கு ஒரு முறை எனக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நான் கார் ஓட்டியிருக்கிறேன். வால்பாறைக்கு என் தங்கை மகன்தான் ஓட்டினான். ஆழியாறிலிருந்து மேலே ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த எனக்கு, "மாமா, பயமா இருந்தா சொல்லுங்க, மெதுவா போறேன்" என்று அவன் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தான். நான் பயந்துகொண்டிருந்தது வளைவுகளுக்காக அல்ல.

என்னைப் போலவே தவறாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படிப்பவர்களிலும் பலர் இருப்பார்கள் என்பதால் சட்டத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய விதிப்படி, சொந்த உபயோகத்துக்கான உரிமம் 20 ஆண்டுகள் அல்லது உரிமம் பெற்றவருக்கு 50 வயது நிறையும் நாள், இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும். நமக்கு 20 ஆண்டுகள் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது, பின்பாதி மறந்துவிடுகிறது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கணக்கே மாறிவிட்டது. இப்போது 30 வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு 40 வயது வரை, 30 முதல் 50-க்குள் இருப்பவருக்குப் பத்து ஆண்டுகள், 50 முதல் 55-க்குள் இருப்பவருக்கு 60 வயது வரை, 55-க்கு மேற்பட்டவருக்கு ஐந்தைந்து ஆண்டுகள். முன்பு காலாவதியான பின்னும் 30 நாட்களுக்கு உரிமம் செல்லும் என்றொரு சலுகை சட்டத்தில் இருந்தது. அதையும் அதே திருத்தம் எடுத்துவிட்டது. "ஒரு மாசம் டைம் இருக்கு சார்" என்று இன்றும் சொல்பவர்கள் பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள்.

தேதி முடிந்த உரிமத்தோடு ஓட்டுபவரை, ஒருபோதும் உரிமமே எடுக்காதவரைப் போலத்தான் சட்டத்தின் அபராதப் பிரிவு நடத்துகிறது. முன்பு 500 ரூபாயாக இருந்த அபராதம் இப்போது 5000 ரூபாய். தமிழ்நாட்டிலும் 2022 அக்டோபரிலிருந்து இந்தப் புதிய தொகைதான் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அபராதம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த ஐந்து மாதங்களில் ஒரு விபத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. காப்பீட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வண்டியை ஓட்டுபவரிடம் விபத்து நேரத்தில் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அது இல்லையென்றால் நம் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தர மறுக்கலாம். எதிரே வந்தவருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால், 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியில், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். இழப்பீட்டுத் தொகைகள் லட்சக்கணக்கில் இருப்பவை. ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டியும் நான் அந்த ஐந்து மாதங்கள் ஏறக்குறையக் காப்பீடு இல்லாதவனாகவே சாலையில் இருந்திருக்கிறேன்.

வண்டியின் காகிதங்களை நாம் மறப்பதே இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். காப்பீடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நான்கைந்து இடங்களிலிருந்து அழைப்பு வருகிறது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் புகைப் பரிசோதனை வேன்காரர்கூட நினைவூட்டுகிறார். உரிமத்தைப் புதுப்பித்தால் யாருக்கும் கமிஷன் இல்லை என்பதால் யாரும் அழைப்பதில்லை. வாடகை வண்டி ஓட்டும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் தங்கள் தேதியை விரல் நுனியில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அது அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதோடு சம்பந்தப்பட்டது. ஓன் போர்டுக்காரர்களான நாம்தான் அட்டையைப் பர்ஸுக்குள் செருகிவிட்டு, ஏதாவது அடையாளச் சான்று கேட்டால் மட்டும் வெளியே எடுக்கிறோம்.

அரசு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாமே என்று முதலில் எனக்கும் கோபம் வந்தது. பிறகு ஓட்டுநர் உரிமங்களுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் என் விவரங்களைப் பார்த்தபோது அந்தக் கோபம் அடங்கிவிட்டது. 2007-இல் கொடுத்த, நான் விட்டொழித்துப் பன்னிரண்டு ஆண்டுகளான கைப்பேசி எண்தான் அதில் இருந்தது. முகவரியோ நாங்கள் இரண்டு வீடுகளுக்கு முன்பு குடியிருந்தது. எனக்கு வந்திருக்க வேண்டிய செய்தி எந்த ஊரில் எவருடைய கைப்பேசிக்குப் போயிருக்குமோ தெரியாது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் உரிமத்தை நேரில் கொடுப்பதில்லை, விரைவு அஞ்சலில் மட்டுமே அனுப்புகிறார்கள். ஆகவே பழைய முகவரி இருந்தால், புதுப்பித்த அட்டை வீடு தேடி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகும். புதுப்பிக்கும் முன் எண்ணையும் முகவரியையும் திருத்துவதுதான் முதல் வேலை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 40 வயதைக் கடந்தவர்கள் புதுப்பிக்க, படிவம் 1-அ என்ற மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் விண்ணப்பதாரரைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டிய படிவம் அது. அதில் உள்ள கேள்விகள் எளிமையானவை, ஆனால் அர்த்தமுள்ளவை: சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திப் பார்க்க முடிகிறதா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, ஒலி எழுப்பினால் காதில் விழுகிறதா. நான் போன இடத்தில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. பெயர், வயது, 300 ரூபாய், கையெழுத்து, முத்திரை. மருத்துவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். இதை நான் குறையாகச் சொல்லக் கூச்சப்படுகிறேன், ஏனென்றால் நாற்காலியில் உட்காரும் முன்பே "சீக்கிரம் முடியுமா?" என்று கேட்டவனும் நான்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. தெருவில் எதிர் வீட்டுக்காரர் நிறுத்தியிருந்த காரிலிருந்து கட்டடம் அளக்கும் டேப்பைப் பிடித்து 25 மீட்டர் அளந்து, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு நின்று பார்த்தேன். காலை பத்து மணி, பளிச்சென்ற வெயில். வலது கண்ணை மூடிக்கொண்டால் கடைசி நான்கு இலக்கங்களில் 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டு கண்களாலும் பார்த்தபோது படித்துவிட்டேன். ஆனால் அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த எண் என்பதால் படித்தேனா, நினைவிலிருந்து சொன்னேனா என்று உறுதியாக இல்லை. அந்த வாரமே கண் மருத்துவரிடம் போனேன். இடது கண்ணில் கண்புரையின் தொடக்கம், இரண்டு கண்களுக்கும் தூரப்பார்வைக் கண்ணாடி. இரண்டு ஆண்டுகளாக இரவில் எதிரே வரும் வண்டிகளின் எல்.இ.டி. விளக்குகளைத் திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். பாதிக் குற்றம் என் கண்ணில் இருந்திருக்கிறது.

2019 திருத்தத்தில் கால அளவைக் குறைத்தது மக்களிடம் அடிக்கடி காசு பிடுங்கத்தான் என்று ஒரு வாதம் நண்பர்கள் வட்டத்தில் உண்டு. விதிப்புத்தகப்படி புதுப்பிக்கும் கட்டணம் 200 ரூபாய், அட்டைக்கு 200 ரூபாய். பத்து ஆண்டுக்கு ஒருமுறை இது கொள்ளை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 32 வயதில் நன்றாகப் பார்வை தெரிந்த ஒருவனைச் சோதித்து, 50 வயது வரை அவனை யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லை என்று விட்டுவைத்த பழைய ஏற்பாடுதான் விபரீதமானது. என்னைக் கேட்டால், இடைவெளியைக் குறைத்தது சரி. குறைத்துவிட்டு, நடுவில் வரும் ஒரே சோதனையை ஒரு ரப்பர் முத்திரையாக விட்டு வைத்திருப்பதுதான் தவறு. வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலிலேயே 25 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு ஒரு நம்பர் பிளேட்டை மாட்டி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

என் தந்தையார் டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். புத்தக வடிவத்தில் இருந்த அவருடைய உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முறையாகப் புதுப்பித்து வந்தவர், 70 வயதில் வந்த முறை மட்டும் விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டுக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பஸ்ஸின் போர்டு பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது என்று சொல்லி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் காய்கறிக்கு நடந்தே போனார். அவரிடம் எந்த மருத்துவரும் எதையும் கேட்டிருக்கவில்லை.

நடைமுறை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேதி முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்குள் என்றால் ஓட்டிக் காட்டத் தேவையில்லை. ஓராண்டைத் தாண்டினால் மறுபடி சோதனையில் தேற வேண்டும், தாமதக் கட்டணமும் ஆண்டுக்கு 1000 ரூபாய் வீதம் ஏறும். சரக்கு, பயணிகள் வாகனத்துக்கும் சேர்த்து உரிமம் வைத்திருப்பவர்களின் அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கும்; இரண்டையும் பார்க்க வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருப்பதைக் காட்டினால் காவல் துறை ஏற்றுக்கொள்ளும், ஆனால் காலாவதியான தேதி அதிலும் காலாவதியான தேதியாகத்தான் தெரியும். நான் விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் வீட்டிலிருந்தே முடித்துவிட்டு, அலுவலகத்துக்கு ஒரே ஒரு முறை போனேன். வாசலில் இருவர் "ரெனீவலா சார், நாங்க பாத்துக்கிறோம்" என்று கூடவே நடந்துவந்தார்கள்; பார்த்துக்கொள்ள அவர்களுக்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

டிசம்பரில் புதிய அட்டை அஞ்சலில் வந்தது. 2034 ஜூன் வரை, அதாவது என் அறுபதாவது பிறந்தநாள் வரை. உறையைப் பிரித்த கையோடு என் மனைவியின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அவர் 2029 என்று நினைத்துக்கொண்டிருந்தார். அட்டையில் 2026 என்று இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படித்தேன்.