இலங்கையின் நக்கிள்ஸ் மலைக்காட்டு ஏலக்காய் பற்றி ஒரு திருத்தம்

"சமூக முகாமைத்துவம் என்றால் காட்டை ஊருக்கு எழுதிக் கொடுப்பது, நக்கிள்ஸில் ஏலக்காய்க்காரரை விட்டிருந்தால் காடு அப்படியே இருந்திருக்கும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பிழை, அண்ணே.

ஏலக்காய்க்குப் பெரிய மரத்தை வெட்டுவதில்லை, அது சரி, நிழல் வேண்டுமே. ஆனால் கீழே இருக்கும் செடிகொடி, முளைத்து வரும் மரக்கன்று எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டுத்தான் நடுவார்கள், அப்புறம் காயை உலர்த்த விறகும் அதே காட்டில் இருந்துதான், அதனால் தூரத்தில் இருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும், கிழட்டு மரம் ஒன்று சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர ஒரு கன்று இருக்காது. 2000இல் நக்கிள்ஸைப் பேணல் காடாக, அதாவது சட்டப்படி பாதுகாக்கும் காடாக, அறிவித்தார்கள்.

சமூக முகாமைத்துவத்தில் காட்டை ஊருக்கு எழுதிக் கொடுப்பதும் கிடையாது. பெரும்பாலும் நிலம் அரசுடையதாகவே இருக்கும். எதை, எவ்வளவு, எப்போது எடுக்கலாம் என்ற முடிவிலும் காவலிலும் ஊராருக்குப் பங்கு, அவ்வளவுதான். நேபாளத்தில் தேசிய பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 வீதம் வரை சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகச் சட்டமே இருக்கிறது. இங்கே ஹோட்டன் சமவெளி மாதிரி தேசிய பூங்காவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்து போகும் அக்கா ஒரு கட்டு விறகு எடுத்தாலும் குற்றம். முதலில் அந்த வித்தியாசத்தைப் பாருங்கள்.