ஐந்து பேரிடம் கேட்டுவிட்டு 80% என்று எழுதாதீர்கள்

புதிய வடிவமைப்பைப் பயனர்களிடம் சோதித்துப் பார்த்ததாக ஒருவர் பதிவிட்ட ஸ்லைடைப் பற்றி நேற்று ராத்திரியே எழுதியிருப்பேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று விட்டேன். காலையில் பார்த்தால் அதற்கு வரிசையாகப் பாராட்டு.

‘80% பயனர்களுக்குப் புதிய வடிவமைப்பு பிடித்திருக்கிறது.’ கீழே பொடி எழுத்தில், பங்கேற்றோர் 5 பேர். ஐந்து பேரும் அதே நிறுவனத்தின் வேறு மாடியில் வேலை செய்பவர்கள் என்று பதிவிட்டவரே கமென்டில் சொல்கிறார்.

ஐந்தில் நான்கு பேர் என்றால் நான்கு பேர் என்றே எழுதுங்கள். அட்ஜஸ்டட் வால்ட் என்ற புள்ளியியல் முறையில் கணக்குப் போட்டால், 5-க்கு 4 என்பதன் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சதவீதம் இருக்கக்கூடிய வரம்பு, ஏறத்தாழ 36%-இல் தொடங்கி 98%-இல் முடிகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிடிக்காத ஒன்றுக்கும் இதே முடிவு வரலாம். இதை வைத்து லான்ச் தேதி குறிக்கிறார்கள்.

‘ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் நீல்சனே சொல்லியிருக்கிறாரே’ என்று கேட்பவர்களுக்கு: எதற்குப் போதும் என்றார் என்பதையும் படியுங்கள். நீல்சனும் அவருடன் ஆய்வு செய்த லாண்டவரும் 1993-இல் கொடுத்த கணக்கு, பயனர்கள் தடுமாறும் சிக்கல்களைக் கண்டுபிடிப்பதற்கானது. ஒரு சிக்கல் சராசரியாக 31% பேரிடம் தென்படும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் சுமார் 85% சிக்கல்கள் வெளியே வரும். பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல் என்றால் அது ஐந்து பேரிடம் ஒருமுறையாவது தென்படும் வாய்ப்பு 41% தான். அதையே 85% ஆக்க 18 பேர் வேண்டும். 2000-இல் எழுதிய கட்டுரையில் நீல்சன் சொன்னதும், 15 பேர் கிடைத்தால் ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள் என்றுதான். பயனர்களில் வேறு வேறு வகை இருந்தால் ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஆள் எடுக்க வேண்டும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. 2003-இல் ஃபாக்னர் என்ற ஆய்வாளர் 60 பேரைச் சோதித்து, அதிலிருந்து ஐந்து ஐந்து பேராக எடுத்துப் பார்த்தார். சில ஐவர் 99% சிக்கல்களைப் பிடித்தார்கள், சில ஐவர் 55% மட்டும். நம் கையில் எந்த ஐவர் கிடைத்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஐந்து பேரை வைத்துச் சிக்கலைத் தேடலாம். சதவீதம் சொல்லக் கூடாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்தது அந்தக் கேள்வி. ‘பிடித்திருக்கிறதா?’ விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யார் சொல்கிறார்கள்? கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, கையில் கூப்பனும் கொடுத்துக் கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். பணம் அனுப்பும் ஆப் என்றால் கேட்க வேண்டியது, ‘கடைசியா எப்போ, யாருக்குப் பணம் அனுப்பினீங்க? எப்படி அனுப்பினீங்க?’ என்பது. செய்து பார்க்கக் கொடுக்கிற டாஸ்க்கில் பட்டனில் இருக்கும் வார்த்தையே வரக் கூடாது. ‘பயனாளியைச் சேருங்கள்’ என்று சொன்னால் அவர் அந்த வார்த்தையைத் தேடித் தட்டிவிடுவார், அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. ‘உங்க அக்காவுக்கு 500 ரூபாய் அனுப்பணும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் திணறும்போது சும்மா இருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினம்.

‘இரண்டு வார ஸ்ப்ரின்ட்டில் (ஒரு சுற்று வேலையில்) இதற்கெல்லாம் ஏது நேரம்?’ ஏழு பேரை அழைத்தால் ஐந்து பேராவது வருவார்கள். ஆளுக்கு 45 நிமிடம், இடையில் குறிப்பெழுத 15 நிமிடம், ஒரு நாளில் முடிந்துவிடும். லான்ச் ஆனபின் அதே திரையைப் பிரித்து மறுபடி கட்ட எத்தனை நாள் போகிறது என்று உங்கள் டெவலப்பர்களைக் கேளுங்கள். செலவு என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

‘அனலிடிக்ஸ் இருக்கிறதே?’ ஆப்பில் யார் எதைத் தட்டினார்கள் என்ற பதிவுதானே, இருக்கட்டும், வேண்டும். நான்காவது திரையில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது.

ஏன் என்பது இப்படி இருக்கும். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிற ஐம்பது வயதுக்காரர். தொகையைத் தட்டுகிறார். கீபோர்டு எழுந்து வந்து ‘தொடரவும்’ பட்டனை மூடிவிட்டது. கட்டைவிரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது, எங்கே தட்டுவது என்று தெரியவில்லை. எப்படியோ அதைத் தாண்டுகிறார். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போகிறார். 2 ஜிபி ரேம் போன், நினைவகம் போதாமல், திரும்பி வருவதற்குள் ஆப் முதல் பக்கத்துக்கே போய்விட்டது. இன்னொரு திரையில் ‘Submit’ அளவுக்கு வரைந்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காமல் பாதியில் அறுந்து, பின்னால் மூன்று புள்ளி. ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கிலத்தில், புது போனில் பார்த்தவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. வேறு மாடி நண்பர்களுக்கும் தெரியாது.

அந்த மனிதர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: ‘எனக்குத்தான் தம்பி இதெல்லாம் வராது.’

அதைக் கேட்டுவிட்டு ‘இவர் நம் டார்கெட் யூசர் (நாம் குறிவைக்கும் பயனர்) இல்லை’ என்று குறிப்பெழுதுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. பட்டனை மூடியது கீபோர்டு. பழியை அவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், நீங்களும் ஆமாம் என்கிறீர்கள்.

‘ஆப்பிள் யாரையும் கேட்பதில்லை’ என்று ஒருவர் வந்திருக்கிறார். ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கியபோது அங்கே வேலை செய்த லாரி டெஸ்லர் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்திருக்கிறார். அப்போது உறுதிசெய்யும் பட்டனில் ‘டு இட்’ (Do It) என்று இருந்தது. இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி சரியாகத் தெரியவில்லை, பெரிய ‘ஐ’ சின்ன ‘எல்’ மாதிரி இருந்தது. சோதனைக்கு வந்த ஒருவர் அதை ‘டோல்ட்’ (Dolt), அதாவது மடையன் என்று படித்துவிட்டு, இந்த மென்பொருள் என்னை ஏன் மடையன் என்கிறது என்று கோபப்பட்டார். பட்டன் ‘ஓகே’ ஆனது. அங்கே யாரும் அவரை டார்கெட் யூசர் இல்லை என்று ஒதுக்கவில்லை.

அந்த ஸ்லைடில் பிடிக்கவில்லை என்று சொன்ன ஐந்தாவது ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த 80%-ஐ அழித்துவிட்டு, அவர் எந்தத் திரையில் நின்றார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். லான்ச் தேதியைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.