அந்த 25,000 கைக்கு வரும் பணம் இல்லை
டெலிவரி வேலையில் மாதம் 25,000 ரூபாய் கிடைக்கும் என்று உங்கள் கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள், பெட்ரோல், டயர், வண்டித் தவணை எல்லாம் அதற்குள்தான் என்பதை விட்டுவிட்டீர்கள். என் தம்பி போன ஐப்பசி மழையில் மதுரை கோரிப்பாளையத்தில் டெலிவரிக்குப் போகும்போது பைக்கோடு வழுக்கி விழுந்தான், முன்பக்க ஃபோர்க் வளைந்து, மணிக்கட்டில் விரிசல், பையிலிருந்த பிரியாணி முழுக்க ரோட்டில். ஆறு வாரம் மாவுக்கட்டு, ஒரு பைசா வரவில்லை, தவணையை மட்டும் தேதி தவறாமல் கேட்டார்கள். அதைவிடக் கொடுமை, இன்சூரன்ஸில் கேட்டால் இது சொந்த உபயோகத்துக்கான பாலிசி, கூலிக்குப் பொருள் ஏற்றிப் போனால் செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்க்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், டெலிவரி ஊழியர்களுக்கு நலவாரியம் இருக்கிறதே என்கிறார். சரி, 2023-ல் தமிழக அரசு வாரியம் அமைத்தது நல்லதுதான், ஆனால் விழுந்த சமயத்தில் என் தம்பி அதில் பதிவே பண்ணியிருக்கவில்லை. வண்டியை எடுக்கும் பையன்கள் முதலில் அந்தப் பாலிசித் தாளைப் படித்துப் பாருங்கள் தம்பிகளா.