ஏரிக்கரையில் காலை ஆறரை வரைக்கும் விடுங்கள்

தருமபுரியில் எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் இனி நாயை அவிழ்த்துவிடவே கூடாதாம். ஒரு வாரமாக இதே பேச்சு. நான் இதை எதிர்க்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது மூன்று வயதுச் சிப்பிப்பாறை, செவலை என்று கூப்பிடுவோம். முயல் பிடிக்கவென்றே வளர்த்தெடுத்த இனம், ஓடியே ஆகவேண்டும். போன ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் கட்டியே போட்டிருந்தேன். மூன்றாம் நாள் கதவு நிலையைக் கடித்துக் குதறிவிட்டது. பால்காரரைப் பார்த்துச் சங்கிலி அறுந்துவிடும் போலக் குரைத்தது. மழை விட்டதும் கரையில் அவிழ்த்துவிட்டேன். முதுகு வில்லாய் வளைந்து நிமிர, மதகு வரை ஒரே ஓட்டம். திரும்பி வந்து, இரைக்க இரைக்க என் செருப்பின் மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. மறுநாள் அதே பால்காரர் வந்தபோது வாலை மட்டும் ஆட்டியது.

கட்டியே கிடக்கும் நாய்தான் மூர்க்கமாகும். 1960ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவும் நாயைக் கட்டியே போடாதே என்கிறது: எப்போதும் கட்டிவைத்த நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விட்டால் வளர்ப்பவர் மீது குற்றம். சரி, எங்கே ஓடவிடுவது? தெருவிலா, வண்டி போகும் பைபாஸிலா?

பயப்படுகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் தங்கை மகனை நாய் கடித்து, ஊசி போட அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். வெறிநோய் முற்றினால் பிழைப்பது அரிது. ஆனால் அவனைக் கடித்தது ஆளில்லாத தெருநாய். அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி. 2023ஆம் வருடத்து விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அந்தப் பொறுப்பை உள்ளாட்சியிடம்தான் கொடுத்திருக்கின்றன. வளர்ப்பு நாயை அசட்டையாக விட்டு யாருக்காவது ஆபத்து வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். அதைப் போடுங்கள். கூப்பிட்டால் திரும்பாத நாயை அவிழ்க்கவேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

நியூயார்க்கில் பல பூங்காக்களில் காலை 9 மணி வரையும் இரவு 9 மணிக்கு மேலும் குறிப்பிட்ட இடங்களில் நாயை அவிழ்த்துவிடலாம். அவ்வளவு நெருக்கடியான ஊரிலேயே நேரம் பிரித்துக்கொள்கிறார்கள். நமக்கு விடிகாலையிலிருந்து ஆறரை மணி வரை, மதகுக்கு அந்தப் பக்கம் மட்டும் போதும். பிறகு வாக்கிங் வருகிற பெரியவர்களுக்குக் கரை முழுதும் இருக்கட்டும்.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு பல்லவர் காலத்து நடுகல். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாயை அப்படி மதித்த மண் இது.

வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். நாய் வளர்ப்பவர்கள் தடுப்பூசி அட்டையின் நகலோடு வாருங்கள். கரையில் நடக்கப் பயப்படுகிறவர்களும் வாருங்கள், எந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படும் என்று மனுவிலேயே சேர்த்து எழுதிவிடலாம்.