இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கைத் தொடங்கியவர் யார்?

இஸ்ரேல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைத் தொடங்கியவர் இந்தியாவில் பிறந்த இசை நடத்துநர் சுபின் மேத்தா என்று ஒரு பதிவில் சொல்லப்பட்டிருக்கிறது. அன்புடன் ஒரு திருத்தம்: அதை நிறுவியவர் போலந்தில் பிறந்த வயலின் கலைஞர் புரோனிஸ்வாஃப் ஹூபர்மான். ஐரோப்பாவில் வேலை பறிக்கப்பட்ட யூதக் கலைஞர்களைத் திரட்டி அவர் உருவாக்கிய குழு அது. எத்தனையோ உயிர்களையும் அந்த முயற்சி காப்பாற்றியது. அதனால்தான் அவர் பெயர் விடுபடக் கூடாது என்று நினைக்கிறேன். முதல் கச்சேரி 1936 டிசம்பர் 26 அன்று டெல் அவிவில், இத்தாலிய இசை நடத்துநர் டாஸ்கானினி நடத்தியது. மேத்தா பம்பாயில் பிறந்ததே அதே ஆண்டு ஏப்ரலில்தான். 1969இல் இசை ஆலோசகராகி, 1977இல் இசை இயக்குநராகி, 2019 வரை அவர் அக்குழுவை வழிநடத்தினார். இசைக்குழுவின் இணையதளத்தில் உள்ள வரலாற்றுப் பக்கத்தையும் மேத்தாவின் பிறந்த தேதியையும் ஒப்பிட்டால் யாரும் இதைச் சரிபார்க்கலாம்.